தொட்டியின் வக்கீல் எழுதுவது

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. மரபணுத் திருத்த ஆய்வகம் ஒன்றும் நுண்ணுயிர்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து மருந்து முதலியவற்றை எடுக்கும் நொதித்தல் ஆலை ஒன்றும் வேலைக்கு அழைக்கின்றன, எதற்குப் போகட்டும் என்று கேட்டிருக்கிறாய். மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆய்வகத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, ஆலையை "தொட்டிக்குக் காவல் நிற்கும் வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். தொட்டிக்குக் காவல் நின்ற சம்பளத்தில் படித்தவள் நீ. எனக்கு ரோஷம் வராமல் இருக்குமா? ஆகவே இந்தக் கடிதத்தில் நான் தொட்டியின் வக்கீல். முடிவு உன்னுடையதுதான். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதே, அவ்வளவுதான்.

நீ உதாரணம் காட்டிய இன்சுலினிலிருந்தே தொடங்குகிறேன். 1978-இல் ஈ. கோலை பாக்டீரியாவில் மனித இன்சுலினைச் செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது 1982-இல். 1978 எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள். தொடக்கத்தில் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாவில் வளர்த்துப் பிறகு சேர்த்தார்கள். பாக்டீரியாவோ பழக்கமில்லாத புரதத்தை அளவுக்கு மீறிச் செய்யும்போது அதைச் சரியாக மடிக்காது. கட்டி கட்டியாகத் திரட்டி வைத்துவிடும். அந்தக் கட்டிகளை வெளியே எடுத்து, கரைத்து, உரிய வடிவத்துக்கு மடியவிட்டு, பாக்டீரியாவின் சொந்தச் சரக்கு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். அதன் வெளியுறையில் இருக்கும் நச்சு கொஞ்சம் இரத்தத்தில் கலந்தாலே போதும், நோயாளிக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். மரபணுவைச் செருகியதோடு மருந்து வந்துவிடவில்லை, கண்ணே.

சுத்தம் செய்யும் இந்தத் தொல்லை இன்சுலினின் பிறவிக் குணம். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சர்க்கரை நோயாளிச் சிறுவனுக்கு இன்சுலினின் முதல் ஊசி போட்டார்கள். சர்க்கரை சற்றே இறங்கியது. ஊசி போட்ட இடம் கட்டியாக வீங்கியது. விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த அந்தச் சாற்றில் அழுக்கு அதிகம். ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் ஆல்கஹாலின் அடர்த்தியைப் படிப்படியாக மாற்றி அழுக்கைத் தனியே படியவைத்துப் பிரித்தார். ஜனவரி 23-இல் போட்ட ஊசி பையனைப் பிழைக்க வைத்தது. நோபல் பரிசு இன்சுலின் ஆய்வை நடத்திய பாண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் போயிற்று. மெக்லியோட் தன் பரிசுப் பணத்தில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

பென்சிலினை எடுத்துக்கொள். 1928-இல் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்த கதையை நீ எட்டாம் வகுப்பிலேயே ஒப்பித்தவள். 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்தபோது அவர் உடல் தேறியது. பிறகு மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்து பென்சிலினைத் திரும்பப் பிரித்தெடுத்துக்கூட ஏற்றிப் பார்த்தார்கள். போதவில்லை, இறந்துவிட்டார். மருந்து எது என்று தெரியும், வேலை செய்கிறது என்றும் தெரியும், வேண்டிய அளவுக்கு வளர்க்கத்தான் தெரியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக் குழுவில் நார்மன் ஹீட்லி என்பவர் பூஞ்சையை வளர்க்க, மருத்துவமனையில் படுக்கை நோயாளிகளுக்கு வைக்கும் மலக்கலன்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பியோரியா நகர ஆய்வகத்தில் மக்காச்சோளம் ஊறவைத்த கழிவுநீரை உணவாகக் கொடுத்ததும் விளைச்சல் பெருகியது. அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து நல்ல பூஞ்சை கிடைத்தது. 1944-இல் ஃபைசர் நிறுவனம் ஆழமான தொட்டிகளில் வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் போர்முனைக்குப் போதுமான பென்சிலின் போனது. ஃபைசருக்குப் பூஞ்சை வளர்ப்பது புதிதல்ல. பூஞ்சையை வைத்துச் சிட்ரிக் அமிலம் தயாரிப்பதை 1919-லேயே தொடங்கியவர்கள் அவர்கள். குளிர்பானத்திலும் ஜாமிலும் இருக்கும் அந்த அமிலம் எலுமிச்சையிலிருந்து வருகிறது என்று படித்தவர்களே இன்றும் நம்புகிறார்கள்.

அந்தத் தொட்டிக்குள் என்னதான் நடக்கிறது? உன் குடுவையில் 100 மில்லிலிட்டர். குலுக்கும் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். அதே பாக்டீரியாவைப் பல ஆயிரம் லிட்டரில் வளர்த்தால் முதல் பிரச்சினை மூச்சு. தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். அடர்ந்து வளர்ந்த பாக்டீரியா அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். ஆகவே அடியிலிருந்து காற்றை இடைவிடாமல் ஊத வேண்டும், துடுப்பால் அடித்துக் குமிழிகளை உடைக்க வேண்டும். அடித்தால் சூடு; பாக்டீரியாவும் தன் பங்குக்குச் சூடு விடும். கொள்ளளவு பெருகும் வேகத்துக்குச் சுவரின் பரப்பு பெருகாது என்பதால் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. ஊதினால் நுரை. தொட்டியின் பார்வைக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் வெளுப்பாக ஒரு கோடு தெரியும். திரும்பிப் பார்ப்பதற்குள் கண்ணாடி முழுவதும் மூடிவிடும். நுரை மேலேறி வெளியேற்று வடிகட்டியை நனைத்தால் காற்று போக வழியின்றித் தொட்டியின் அழுத்தம் ஏறும். நுரையடக்கி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். அதே எண்ணெய் ஆக்சிஜன் கரைவதையும் குறைத்துவிடும். எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. தானியங்கிக் கருவிகள் வந்தும் அனுபவமுள்ளவர்கள் மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுப்பதை நிறுத்தவில்லை.

ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சியைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தாயே, அதற்கும் இதே கதைதான். 2013-இல் லண்டனில் முதல் துண்டைச் சுவைத்துக் காட்டிவிட்டார்கள். விலங்குச் செல் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உள்ளே நுழைந்துவிட்ட பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்கிறேன். மரபணு வேலை இல்லாமல் முடியாதவை இருக்கின்றன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 1981-இல் நோய்த்தொற்று உள்ளவர்களின் இரத்தத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1986-இல் அதை மரபணு செருகிய ஈஸ்ட் செய்யத் தொடங்கியது. இரத்தத்தைப் பற்றிய பயம் ஒழிந்தது. பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கும் கைமோசின் என்ற நொதி கன்றின் இரைப்பையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1990-இல் நுண்ணுயிர் செய்த கைமோசினை அமெரிக்கா உணவில் அனுமதித்தது. "மரபணு மாற்றியதா?" என்று நம் உறவினர்கள் பதறுவார்கள். நொதியைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகு அந்த நுண்ணுயிர் பாலாடைக்கட்டிக்குள் வருவதே இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்க வேண்டிய விஷயத்துக்கு மொத்தமாகப் பயப்படுவதும் சோம்பல், மொத்தமாக வரவேற்பதும் சோம்பல்.

சலவைத்தூளில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. புரதத்தைச் சிதைத்துக் கறை நீக்கும் நொதி வெளுப்பான் பட்டால் செயலிழந்துவிடும். அதில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றித் தாக்குப்பிடிக்க வைத்தார்கள்; அது உன் ஆட்களின் கெட்டிக்காரத்தனம். ஆனால் 1960-களின் இறுதியில் நொதித்தூளைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. அதற்கு மரபணுவில் மருந்து இல்லை. தூசி பறக்காதபடி நொதியைப் பூச்சுக்குள் அடைத்துச் சிறு மணிகளாக்கினார்கள். அதைச் செய்தவர்களின் பெயர் எந்தப் பாடத்திலும் வராது.

கடைசியாக, நீ விரும்பும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த, கிரிஸ்பரால் செய்யும் அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) சிகிச்சையைப் பார். நோயாளியின் குருத்தணுக்களை எடுத்து, திருத்தி, சோதித்து, அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். ஒரு நோயாளி என்றால் ஒரு பேட்ச். கெட்டுப்போனால் வேறொருவருடையதைக் கொடுக்க முடியாது. மறுபடியும் அவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும். திருத்தத் தெரிந்தவர்களோடு, அந்தச் செல்களைக் கெடாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களும் அங்கே வேண்டும்.

குறைகளையும் மறைக்கவில்லை. இரவுப் பணி உண்டு. தலைமுடியில் ஈஸ்ட் வாடை ஏறினால் எளிதில் போகாது. ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருவது அபூர்வம். உன் தோழிகள் மாநாட்டுப் படங்களை அனுப்பும்போது நீ வால்வு மாற்றிக்கொண்டிருப்பாய். இதெல்லாம் உனக்கு உறுத்தும் என்றால் ஆய்வகத்துக்கே போ, நான் வருத்தப்பட மாட்டேன்.

இரண்டு இடத்துக்கும் ஒருமுறை நேரில் போய்விட்டுப் பதில் சொல். ஆலையில் தொட்டிக்கூடத்தைச் சுற்றிக் காட்டச் சொல். வரவேற்பறையில் உட்கார வைத்துப் படம் காட்டினால் ஒத்துக்கொள்ளாதே. கடைசியாக எந்த பேட்ச் கெட்டது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இரவுப் பணியில் இருப்பவர் ஒருவரிடமே கேள். வடிகட்டி, வால்வு, சீல் என்று அவர் விவரமாகப் பேசத் தொடங்கினால் அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எங்களிடம் எதுவும் கெட்டதே இல்லை என்று சொன்னால், என் வாதத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஆய்வகத்தில் சேர்ந்துவிடு.

அன்புடன்,
அம்மா