எடைக்கருவி காட்டாத கொழுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உடற்பருமன் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 25-க்குள் இருந்தால் கவலையில்லை என்று எழுதப்பட்டிருந்தது. இந்தியர்களுக்கு எச்சரிக்கை 23-லேயே தொடங்கிவிடுகிறது. கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதை பி.எம்.ஐ. காட்டவும் காட்டாது.

புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் உடல் அளவுகளையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

கொழுப்புத் திசு வெறும் கிடங்கு அல்ல, ஹார்மோன் சுரக்கும் உறுப்பு. தொடையில் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. மாறாக, பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாதவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிவதே காரணம். தொப்பை உள்ளவர்களிடமும் இதே கோளாறுதான். தோலடியில் கொள்ளாதது குடலைச் சுற்றிச் சேர்கிறது. அங்கிருந்து வரும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்பு அமிலங்கள் அங்கே குவியக் குவிய, இன்சுலின் இருந்தும் கல்லீரல் அதற்குக் கட்டுப்படாமல் இரவெல்லாம் குளுக்கோஸை வெளியிடுகிறது. இரவு உணவைக் குறைத்தும் காலையில் வெறும்வயிற்றுச் சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இதயத்துக்கும் இது கேடு. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடி, நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது. உப்பிப்போன கொழுப்பு செல்களைச் சுற்றி நோய் எதிர்ப்பு செல்கள் கூடி அழற்சியை உண்டாக்குகின்றன. ரத்தக்குழாயைக் காக்கும் அடிப்போநெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. ரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் பி.ஏ.ஐ.-1 என்ற புரதம் கூடுகிறது. இதயத்தின் மேலேயே படியும் கொழுப்புக்கும் இதயத் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வுகூட இல்லை.

தொப்பையை உறிஞ்சி எடுத்தால் சர்க்கரை குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2004-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பெண்களின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ தோலடிக் கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் செயல்பாடு மேம்படவில்லை, இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளும் மாறவில்லை. எடுத்தது தோலடிக் கொழுப்பை மட்டும்தான்; உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. உணவாலும் உடற்பயிற்சியாலும் எடை குறையும்போது கல்லீரல் கொழுப்பும் சேர்ந்து கரைகிறது. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே பலன் தெரியும். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டு மருந்தளவைச் சரிசெய்யாமல் உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

இடுப்பை அளக்க ஓர் இன்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தோலின் மேல், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய், அளவு குறைவாகக் காட்டும். வயிற்றை எக்கினாலும் அப்படியே. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், எடை எதுவாக இருந்தாலும், வெறும்வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி. (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ரத்தக் கொழுப்பு அளவுகள், ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த முறை உயரம்–எடை அட்டவணை வெளியிடும்போது, பக்கத்தில் இந்த இடுப்பளவுகளையும் அளக்கும் முறையையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நீரிழிவு மருத்துவர் ஒருவர், மதுரை