ஒரே அறையில் மூன்று வகுப்பு: பயிற்சி ஏடு தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கநிலை வகுப்புகளுக்குப் பயிற்சி ஏடும் ஆசிரியர் கையேடும் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தலைமையாசிரியரிடம். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம், ஒரே அறையில். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்த எண்ணிக்கைக்குக் கீழே உள்ள பள்ளிகள் ஏராளம். ஆகவே என் வகுப்பறை ஏதோ விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் எங்கள் கைக்கு வந்து சேரும் கையேடு பெரும்பாலும் ஓர் ஆசிரியர் எதிரில் ஒரே வகுப்புதான் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். நான் ஒரு குழுவோடு தரையில் உட்கார்ந்து பாடம் நடத்தும்போது மற்ற இரண்டு குழுவும் என்ன செய்வது? அதற்கான பொருளை அச்சிட்டுத் தாருங்கள்.

2022 ஜூனில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்க எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது, பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அதன் நிலையைப் பார்த்து கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தது மிகச் சரியான முடிவு. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்துக்குப் பிறகு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பல பிள்ளைகளுக்கு எழுத்தே பிடிபடவில்லை. அவர்களை அரும்பிலிருந்து எடுத்துவர அந்தப் பிரிவு உதவியது. கதைக் களம், பாடல் களம், பொம்மலாட்டக் களம் எல்லாமே வகுப்பறைக்கு உயிர் கொடுத்தன. அதை மனதாரச் சொல்கிறேன். சிக்கல் அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில். கதை முடிந்து, பயிற்சி நூலைத் திறந்து, அரும்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ‘ட’ எழுதக் கைபிடித்துக் கொண்டிருப்பேன். சற்று நேரத்தில் தலைக்கு மேலே ஒரு நோட்டு நீளும். “முடிச்சிட்டேன் டீச்சர்.” அதன் பின்னால் இன்னொரு நோட்டு. “அடுத்து என்ன டீச்சர்?” வரிசை வளர்ந்துவிடும். எழுந்து திருத்தப் போனால் அரும்புப் பிள்ளை பாதி எழுத்தில் நிற்கும். போகாவிட்டால் மலர்ப் பிள்ளைகள் சன்னலுக்குப் போய்விடுவார்கள். பல ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் கரும்பலகையில் நீளமாக எதையாவது எழுதி, பார்த்து எழுதச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறு எதுவும் அவர்கள் கையில் இல்லை.

எங்களுக்கு வேண்டியது, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலே ஒரு பிள்ளை எடுத்துச் செய்து, தானே சரிபார்த்து, திருப்பி வைக்கக்கூடிய அட்டைகள். முன்பக்கம் வேலை, பின்பக்கம் விடை. என்ன செய்ய வேண்டும் என்பதை வாக்கியத்தில் எழுதாதீர்கள், படமாகப் போடுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ‘பொருத்துக’ என்று எழுதிக் கொடுத்தால், அதைப் படித்துச் சொல்லவும் நான்தான் போக வேண்டும். பயிற்சி நூலில் எழுதினால் அந்தப் பக்கம் அன்றோடு முடிந்தது. அட்டை அப்படியில்லை, ஆண்டு முழுதும் கைமாறும். நான் பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி இப்படிச் செய்து வைத்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் அதையேதான் செய்கிறார். ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொருவரும் இரவில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் ஒரே முறையில் அச்சிட்டுவிடலாம்.

இதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் உருவான முறையை ஒட்டி 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுதும் வந்த செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளை அட்டைகளை எடுத்துத் தானே செய்து கற்கும் முறை. அப்போது மாநகராட்சி ஆணையராகவும் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராகவும் இருந்த எம்.பி. விஜயகுமார் அதை முன்னெடுத்தார். எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, அட்டைப் பெட்டி, பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிப் பூசிய தாழ்வான கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். அதில் குறைகள் இருந்தன: அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி காணாமல் போகும், பிள்ளை அட்டையை முடித்தது என்பதையே கற்றது என்று எடுத்துக்கொண்டோம், ஆசிரியர் பேசுவதும் கதை சொல்வதும் குறைந்தன. ஆனால் ‘அடுத்து என்ன?’ என்று பிள்ளை கேட்கத் தேவையே இல்லாமல் இருந்தது. ஏணிப்படியைப் பார்த்துத் தானே எடுத்துக்கொள்ளும். திட்டம் மாறியபோது அந்தக் குணத்தையும் சேர்த்துக் கைவிட்டோம். இன்றைய கதையும் பாடலும் இருக்கட்டும், அன்றைய அட்டையும் பக்கத்தில் வரட்டும். தாழ்வான கரும்பலகை இன்னும் பல பள்ளிகளில் சுவரில் அப்படியே இருக்கிறது. எங்கள் அறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. நோட்டில் எழுதத் தயங்கும் பிள்ளைகூட அங்கே தயங்காது, தவறினால் கையாலேயே அழித்துவிடலாம்.

நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கும் இதுவே வழி. செங்கல் சூளைக்கு வேலைக்கு வரும் குடும்பத்துப் பிள்ளை தை மாதத்தில் வரும், மழைக்கு முன் போய்விடும். வாரப் பாடத் திட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு இடமே இல்லை. ஏணியில் உண்டு.

இனி எழுத்து. ட, ப, ம மூன்றும் தெரிந்து, புள்ளி வைத்தால் ஓசை எப்படி மாறும் என்பதும் புரிந்துவிட்டால், படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைப் பிள்ளை தானே வாசித்துவிடும். 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் வாசிப்பு என்று காத்திருக்க வேண்டாம். இந்த முறை நம் பாட நூல்களுக்கும் புதிதல்ல. நான் கேட்பது அதற்கு அடுத்த படி. அந்தச் சில எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகங்கள், ஒரு நிலைக்கு ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. ஏன் அத்தனை என்றால், பிள்ளைகள் ஒரு பக்கத்தை நான்கு முறை கேட்டாலே மனப்பாடம் செய்துவிடுவார்கள். விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். பார்ப்பவருக்குப் பிள்ளை சரளமாக வாசிப்பதாகத் தோன்றும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேட்டால்தான் தெரியும். புதுப் புத்தகம் கையில் இருந்தால் இந்த ஐயமே வராது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல் என்ற சிறுவர் இதழ் வருகிறது, பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்கள். அந்த ஆசையை இரண்டாம் வகுப்பிலேயே கிளப்ப அவர்கள் வாசிக்கக்கூடிய அளவில் ஏதாவது வேண்டும்.

துணைக்கால் வரும் இடத்தில் கையேட்டில் ஒரு பக்கம் கூடுதலாக ஒதுக்குங்கள். அச்சில் காலும் ‘ர’வும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் ‘பாடம்’ என்பதைப் ‘பரடம்’ என்று வாசிக்கும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அது கவனக்குறைவு இல்லை, அந்தப் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறது. ‘ர’வின் அடிக்கோட்டைச் சிவப்பில் அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அதேபோல் உகர வரிசையை ‘கு, ஙு, சு’ என்று நேராகச் சொல்லிக்கொண்டே போவதை மாற்றிப் பாருங்கள். கை போகும் வழியை வைத்துச் சேர்த்தால் டு, மு, ரு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, லு, னு மற்றொன்று. ஒரு குடும்பத்தில் ஓர் எழுத்துக்குக் கை பழகிவிட்டால் மற்றவை தானாக வரும். இதை மொட்டு நிலையில் செய்து பார்த்த ஆசிரியர்கள் யாரும் பழைய வரிசைக்குத் திரும்பியதாக நான் கேள்விப்படவில்லை.

கணக்கில் எனக்குப் பெரிய குறை இல்லை. கணித உபகரணப் பெட்டி நன்றாக இருக்கிறது, மணிச்சட்டமும் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் அதிகம். ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து, நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடும். “கடன் வாங்கு” என்று எத்தனை முறை சொன்னாலும் அது ஏறாது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு நான்கு கட்டும் இரண்டு குச்சியும் கையில் கொடுத்து, “பதினேழு குடு” என்று கேட்டால், ரப்பர் பேண்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். மீதியை எண்ணினால் 25 வரும். கையேட்டில் இந்தப் படிக்கு ஒதுக்கிய நேரம் போதாது. ஒரு வாரமாவது வேண்டும். காசுக்குச் செலவில்லை, நாளைத்தான் கேட்கிறேன்.

மதிப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்வதைவிடப் பயனுள்ள தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று நோட்டு வைத்தால் போதும். மறுநாள் யாரோடு யாரை உட்கார வைப்பது என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடும். கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக விடை ஏற்றும் வேலையில், சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடி நிற்கும் நேரம் எல்லாம் இந்த ஒரு நிமிட வாசிப்பிலிருந்து எடுத்த நேரம்தான். தகவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதிரிக்கு ஐந்து பிள்ளைகளின் விடையை ஏற்றினால் மேலிடத்துக்கு வேண்டிய படம் கிடைத்துவிடும் என்றுதான் சொல்கிறேன்.

கையேட்டின் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு சிறு கட்டம் சேர்த்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும். 40 நிமிடப் பாடவேளை, மூன்று நெடுவரிசை. முதல் 20 நிமிடம் அரும்பு ஆசிரியரோடு, மொட்டு இணையராக இந்த அட்டை, மலர் தனியாக இந்தப் புத்தகம். அடுத்த 20 நிமிடம் இடம் மாற்றம். இதை ஒவ்வொரு நாள் காலையும் நாங்கள் மனதிலேயே போட்டுக்கொண்டு வருகிறோம். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர் அந்தக் கட்டத்தைப் பார்த்தே முதல் மாதத்தைச் சமாளித்துவிடுவார். வட்டார வள மையப் பயிற்சியிலும் இதையே காட்டுங்கள். திரையில் காணொலி போடுவதற்குப் பதில் பக்கத்துப் பள்ளியிலிருந்து மூன்று நிலைப் பிள்ளைகளையும் வரவழைத்து, ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு அங்கேயே பாடம் நடத்தச் சொல்லுங்கள். நடுவில் ஒரு பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதும், இன்னொன்று அழுவதும், அவர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் எல்லாமே பாடம்தான்.

அடுத்த பருவத்துக்கான ஏடுகள் அச்சுக்குப் போகும் முன் அதன் படிகளை ஈராசிரியர் பள்ளிகள் சிலவற்றுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். உங்களில் ஒருவர் அந்த நாட்களில் ஒரு நாளாவது காலை வழிபாடு முதல் கடைசி மணி வரை பின்வரிசையில் உட்காருங்கள். எந்தப் பக்கத்தைப் பிள்ளை தானே செய்தது, எந்தப் பக்கத்துக்கு ஆசிரியரைக் கூப்பிட்டது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான் வெட்டி வைத்திருக்கும் அட்டைகள், குட்டிப் புத்தகங்கள், பிள்ளைவாரி நோட்டு எல்லாவற்றையும் தரத் தயார். என்னைப் போலச் செய்து வைத்திருக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளி இடைநிலை ஆசிரியை ஒருவர்