ஓட்ட வீராங்கனை பி.டி. உஷா அக்காவுக்கு, புதுச்சேரியிலிருந்து ஒரு பி.டி. டீச்சர் எழுதுவது

அன்புள்ள உஷா அக்காவுக்கு,

வணக்கம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நடுவில் சில வருஷம், கேரளத்துக்குள் இருக்கும் எங்கள் புதுச்சேரியின் மாஹேக்கு மாற்றல் வந்தது. அந்த ஊர் பெயரைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு முகம் வாடிவிடும், அவ்வளவு தூரம். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். வடகரையைத் தாண்டினால் உங்கள் ஊர் பய்யோளி வந்துவிடுமே!

உங்களைப் பாராட்டும் மேடை எதுவானாலும் பேச்சு நேராக 1984-க்குத்தான் போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ், ஆகஸ்ட் 8, பெண்கள் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். ருமேனியாவின் கொஜொகாரு 55.41, நீங்கள் 55.42. நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் போயிற்று. மாலை போடுகிறவர்கள்கூட ஒரு 'உச்' கொட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள். இத்தனை வருஷமாக உங்களுக்கு வாழ்த்து சொல்ல வருகிறவர்கள் துக்கம் விசாரித்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ஓட்டத்தை ஒரு பி.டி. டீச்சரின் கண்ணால் பார்த்தால் பரிதாபப்பட ஒன்றுமில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தப் போட்டி நடந்ததே அப்போதுதான் முதல் தடவை. நீங்களோ 100, 200 ஓடிக்கொண்டிருந்தவர். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் அந்த இரண்டிலும் வெள்ளி வாங்கியவர். அப்படிப்பட்டவரை உங்கள் பயிற்சியாளர் நம்பியார் சார் பத்து ஹர்டில் (தடை) தாண்டும் ஓட்டத்தின் பக்கம் திருப்பினார். முதல் ஹர்டிலுக்கு 45 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் நடுவே 35 மீட்டர், கடைசியைத் தாண்டி இன்னும் 40 மீட்டர். ஓரிடத்தில் அடிக்கணக்கு தப்பினால் அடுத்த ஹர்டில் வருவதற்குள் ஓடிக்கொண்டே சரிபண்ண வேண்டும். கால் கனக்க ஆரம்பிக்கிற நேரத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று மைதானத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபது வயதில் அதைக் கற்றுக்கொண்டு உலகத்தில் நான்காவதாக வந்தீர்கள். சும்மா சொல்லவில்லை, அதை நான் வெற்றிக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் நடந்ததை ஏன் யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை? 1985-ல் ஜகார்த்தா ஆசிய தடகளப் போட்டியில் 100, 200, 400, 400 ஹர்டில்ஸ், 4x400 ரிலே என்று ஐந்து தங்கம். கூடவே 4x100 ரிலேயில் ஒரு வெண்கலம். ஹீட்ஸ் என்கிற முதல் சுற்று, அரையிறுதி எல்லாம் சேர்த்தால் ஒரே ஆள் எத்தனை முறை ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்! அடுத்த வருஷம் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா மொத்தமாக வாங்கியது ஐந்து தங்கம். மல்யுத்தத்தில் கர்தார் சிங் வாங்கியது போக மீதி நான்கும் உங்களுடையவை. அதில் ஒன்று வல்சம்மா, ஷைனி, வந்தனா ராவ் மூவரோடும் சேர்ந்து ஓடிய ரிலே. சியோல் முடிந்த கையோடு பேப்பரில் வந்த உங்கள் படத்தை வெட்டி நோட்டு அட்டையில் ஒட்டிக்கொண்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

அந்தப் படத்தால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதெல்லாம் தெருவில் ஒரு பெண் பிள்ளை பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், "பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். கேலிதான். ஆனாலும் கேட்ட பிள்ளைகள் கூசிப்போகவில்லை. சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஓடினோம்.

பிற்பாடு நான் டீச்சரானதும் உங்கள் பெயரைத்தான் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வம்பாகீரப்பாளையத்துப் பெண் ஒருத்தி, எட்டாவது படித்தாள். வெறுங்காலில் ஓடியே பையன்களை முந்துவாள். வயசுக்கு வந்ததும் பயிற்சிக்கு வருவது நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் அரிவாள்மணையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "ஓடி என்னாத்த டீச்சர் ஆவப் போவுது?" என்றார். "பி.டி. உஷாவைத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "தெரியாம என்னா." "அவங்களும் கடற்கரை மணல்ல ஓடிப் பழகுனவங்கதான்." கையிலிருந்த மீன் முடியும்வரை பதில் இல்லை. செதிலை வழித்துப் போட்டுவிட்டு, "காலையில மட்டும் அனுப்புறேன். இருட்டுன பெறவு வெளியில நிக்கக் கூடாது" என்றார். அந்தப் பெண் பெரிய பதக்கம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் ஓட்டத்துக்காகப் பள்ளிக்கூடம் வந்தவள் பன்னிரண்டாவது வரை நிற்காமல் படித்தாள். இப்படி எத்தனை வாசலில் உங்கள் பெயரைச் சொல்லியிருப்பேன்! கலெக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் கொண்டுபோயிருந்தால்கூட அவ்வளவு வேலை நடந்திருக்காது.

இன்னொன்றும் உங்களிடம் கற்றேன். லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துவராமல் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு ஓடியதாக ஒரு பேட்டியில் சொல்லியிருந்தீர்கள். கடைசி 35 மீட்டரில் தெம்பு விட்டுப்போனதற்கு அதுதான் காரணம் என்றும் சொன்னீர்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பிள்ளைகளும் பாதிப் பேர் காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு வருகிறவர்கள்தான். அதற்குப் பிறகு வேகவைத்த முட்டையும் கொண்டைக்கடலை சுண்டலும் இல்லாமல் நான் மைதானத்துக்குப் போனதில்லை. பயிற்சிக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் ஷூவுக்கும் ஜெர்சிக்கும் கொடுக்கிறார்கள், வயிற்றை மறந்துவிடுகிறார்கள். மெடல் தவறியதைப் பேசுகிற வாய் இதையும் பேசினால் நன்றாக இருக்கும்.

1998 என் மனசுக்கு எல்லாவற்றையும் விட நெருக்கமானது. ஓட்டத்தை விட்டு, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, திரும்பி வந்து, 34 வயதில் ஃபுகுவோகா ஆசிய தடகளப் போட்டியில் 200-லும் 400-லும் வெண்கலம் வாங்கினீர்கள். குழந்தை பிறந்ததோடு உடம்பு முடிந்தது என்று நினைக்கிற பெண்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு எங்களில் சில பேர் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்க ஆரம்பித்தோம். ஐந்து தங்கத்தைவிட இந்த இரண்டு வெண்கலம்தான் எனக்கு ஒரு படி மேலே.

2002-ல் கொயிலாண்டியில் ஓட்டப் பள்ளி தொடங்கினீர்கள். பிறகு அது கினாலூருக்குப் போனது. அங்கே வளர்ந்த டின்டு லூக்கா 2010-ல் 800 மீட்டரை 1:59.17-ல் ஓடி ஷைனியின் சாதனையை முறியடித்தாள். உங்கள் கூட ரிலே ஓடியவரின் சாதனையை உங்கள் மாணவி முறியடிக்கிறாள்! அதுவும் நீங்கள் ஓடாத தூரத்தில். கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் நம்பியார் சார் உங்களுக்குச் செய்ததை இன்னொரு தலைமுறைக்குச் செய்தீர்கள். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது உங்களுக்கு 1985-லேயே வந்தது நினைவுக்கு வந்தது. மாணவிக்குப் பிறகு 36 வருஷம் கழித்து ஆசானுக்கு. அதே வருஷம் ஆகஸ்டில் அவர் போய்விட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகாருக்கு நடவடிக்கை கேட்டு டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தபோது, தெருவில் இறங்கியது ஒழுங்கீனம் என்று நீங்கள் பேசியது எனக்கு வலித்தது. ஒலிம்பிக் சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நீங்கள். அந்தப் பிள்ளைகளுக்காக முதல் ஆளாக வந்து நிற்பீர்கள் என்று நம்பியிருந்தேன். சில நாளில் நேரில் போய்ப் பார்த்தீர்கள், சரி. உரிமையோடு சொல்கிறேன், அக்கா. உங்கள் மேல் உள்ள மதிப்பு அதனால் போய்விடவில்லை.

அதே வருஷம் அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. நம்ம கோயம்புத்தூர் பெண் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஹீட்ஸில் ஓடி முடித்ததும் டிவியில் நேரம் வந்தது: 55.42. நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியே விட்டேன். 39 வருஷம் இந்தியாவில் யாரும் தொடாத நேரம். சிந்தெட்டிக் டிராக், நல்ல ஷூ, வெளிநாட்டுப் போட்டி அனுபவம் எல்லாம் பெருகிய பிறகும், அந்த நேரத்தைத் தொடவே இவ்வளவு காலம் ஆனது. இறுதிப் போட்டியில் வித்யாவுக்கு வெண்கலம். நூறில் ஒரு பங்கை நினைத்து உச் கொட்டுகிறவர்களிடம் இனி இதைத்தான் சொல்லப் போகிறேன்.

புதுச்சேரிப் பக்கம் வந்தால் ஒரு காலை நேரம் உப்பளம் இந்திரா காந்தி மைதானத்துக்கு வாருங்கள். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஹர்டில்ஸ் ஓட ஆசைப்படும் நான்கைந்து பிள்ளைகளை அழைத்து வருகிறேன். முதல் ஹர்டிலுக்கு முன்னால் அந்த 45 மீட்டரில் எத்தனை அடி வைப்பது என்று அவர்களுக்குள் தினமும் சண்டை. நீங்கள் ஓடிய கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள். சுண்டல் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஒரு பி.டி. டீச்சர்,
புதுச்சேரி