தங்கச்சி, இதைச் சத்தமா வாசிக்காத

இங்கிலாந்து
கார்த்திகை 12

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நல்ல சுகம். நீங்க, அப்பாயி, தங்கச்சி எல்லாரும் சுகமா இருக்க ரோதமுனியும் மாரியம்மாளும் துணை.

தங்கச்சி, நீதான் வாசிக்கப் போற. மெதுவா வாசி. நடுச்சுவத்துக்கு அந்தப் பக்கம் முனியம்மா அக்கா காதைத் தீட்டிக்கிட்டு இருக்கும். சித்தப்பா மகன் சேகருக்கு மனசு சரியில்லாத விஷயம் நாளைக்குக் காலையில, வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக் களத்துக்குப் போயிரக் கூடாது. போன்ல பேசாம கடிதாசியா எழுதுறதும் அதுக்குத்தான்.

அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதின கடிதாசி போன மாசமே வந்துச்சு. சேகரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும் அன்னைக்கே செய்தி போட்டேன், விவரமா எழுத இன்னைக்குத்தான் முடிஞ்சுச்சு. கோவிச்சுக்காதீங்க. வார்ட்டுல ஆள் குறைவுன்னு கேட்டாங்க, நைட் டூட்டி கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கிட்டேன். வேற ஒன்னுமில்ல.

அம்மா, "நீ வேலை செய்யிறது அங்கொடை மாதிரி இடமா"ன்னு கேட்டிருந்தீங்க. ஆமாம்மா, அதே மாதிரி வேலைதான். மனநோய்க்காரங்களை உள்ளே தங்க வச்சு வைத்தியம் பார்க்கிற வார்ட்டு. மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊருங்கிறதால, நம்ம தோட்டத்துல அங்கொடைன்னா ஊர்ப் பேரில்ல, வசவு. அதனாலதான் வந்த புதுசுல ஆஸ்பத்திரி வேலைன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுட்டேன். நோயாளிங்க பேரையோ கதையையோ எழுத மாட்டேன், கேட்காதீங்க. வெளியில சொல்லக் கூடாதுங்கிறது இந்த வேலையில முதல் சட்டம். வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றேன். சித்தப்பாவுக்கும் அது உதவும்.

வார்ட்டுல 18 கட்டில். உள்ளே போக ரெண்டு கதவு, ஒன்னு பூட்டினாத்தான் மத்தது திறக்கும். சாவியை இடுப்புப் பட்டியில கொளுவிக்கணும். கூடவே ஒரு ஆபத்து மணி. டூட்டிக்கு வந்ததும் அதை அடிச்சுப் பார்க்கணும். பெட்டரி செத்த மணியைக் கட்டிக்கிட்டு நிக்கிறது, மணியே இல்லாம நிக்கிறதைவிட மோசம். அறைக்குள்ள ஆணி, கொக்கி ஒன்னும் கிடையாது. திரைச்சீலைக் கம்பியைப் பாரம் போட்டு இழுத்தா கையோட கழன்று வந்துரும். கதவுக் கைப்பிடி வழுக்கிற மாதிரிச் சரிவா இருக்கும். முகம் பார்க்கிற கண்ணாடி உடையாத பிளாஸ்டிக்கு. சாப்பாடு முடிஞ்சதும் கத்தி, கரண்டி எண்ணணும். ஒன்னு குறைஞ்சா அது கிடைக்கிற வரைக்கும் யாரும் எழும்பிப் போக முடியாது. கொழுந்து நிறுக்கிற இடத்துல கணக்கப்பிள்ளை கூட இவ்வளவு கறாரா நிக்க மாட்டாரு.

எங்க வேலையில பாதி, பார்க்கிறதுதான். சும்மா பார்க்கிறதில்ல, அதுக்கு நாலு படி இருக்கு. உடம்பு தேறினவங்களை மணிக்கு ஒரு தடவை. கொஞ்சம் கவலைப்பட வேண்டியவங்களைக் கால் மணிக்கு ஒரு தடவை. அதுக்கும் மேல இருக்கிறவங்களைக் கண்ணு மறையாம. ரொம்ப மோசமா இருந்தா கை எட்டுற தூரத்துல, குளிக்கிற இடம் வரைக்கும் கூடவே. அந்தக் கடைசிப் படியில ஒரே ஆளைத் தொடர்ந்து 2 மணித்தியாலத்துக்கு மேல விடக் கூடாது. கண்ணு திறந்தே இருக்கும், பார்வை போயிரும்.

கால் மணிக்கு ஒரு தடவைன்னா புதுசா வந்தவங்க பத்து, பத்தேகால், பத்தரைன்னு மணிக்கூடு மாதிரிப் போவாங்க. அது தப்பு. படுத்திருக்கிற ஆளும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்காரு. இப்பப் போனா இன்னும் 15 நிமிசத்துக்கு எவரும் வர மாட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுரும். அதனால 10.07, 10.16, 10.29ன்னு முன்னப் பின்னப் போகணும், இடைவெளி மட்டும் 15ஐத் தாண்டக் கூடாது. ராத்திரியில கம்பளி மூடின உருவத்தைப் பார்த்துட்டு வந்தா போதாது, உள்ளே தலையணை கூட இருக்கலாம். நெஞ்சு ஏறி இறங்குறது தெரியணும். தெரியலைன்னா கிட்டப் போய் நின்னு பார்க்கணும். புத்தகத்துல "தூங்குகிறார்"னு எழுதினா எங்க சிஸ்டர் ஏசுவாங்க. எந்தப் பக்கம் சரிஞ்சு படுத்திருக்கார், மூச்சு எப்படி இருக்குன்னு எழுதணும். போகாமலே தாளை முன்கூட்டி நிரப்பி வைக்கிற ஆட்களும் இருக்காங்க. ஆள் பத்தாத ராத்திரியில ஒருத்தர் மூனு பேர் வேலை செய்யும்போது அந்த ஆசை வரும். ஆனா ஒரு உயிர் போனா முதல்ல எடுத்துப் பார்க்கிறது அந்தத் தாளைத்தான்.

இங்க ராத்திரி ஒன்றரைன்னா அங்க காலை ஏழு. டோர்ச்சைக் கையில புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கதவா எட்டிப் பார்க்கும்போது, இப்பப் பெரட்டு எடுத்துக்கிட்டு இருப்பாங்க, அம்மா படங்கைக் கட்டிக்கிட்டு வரிசையில நிக்கும்னு நினைப்பு வந்துரும். நாலாவது கதவுக்கு வரும்போது தேயிலை ஸ்டோருச் சங்கு கேட்கிற மாதிரி இருக்கும். வாஷிங் மெஷின் சத்தம்தான். சரி, அதை விடுங்க.

குளிர் எப்படின்னு அப்பாயி கேட்டுச்சாமே. மஸ்கெலியாக் குளிர்ல வளர்ந்த உடம்புக்கு இது ஒன்னும் செய்யாதுன்னு சொல்லுங்க. வீட்டுல ஹீட்டர் கூடுதலாப் போடுறதில்ல, கம்பளியும் ரெண்டு சோடி சொக்ஸும் போதும். ரொட்டி சுடுறேன். தேங்காய்ப்பூ இங்க காய்ஞ்சு பொட்டலத்துல வருது. அதைச் சுடுதண்ணியில ஊற வச்சு, 2 கோப்பை மாவுக்கு 1 கோப்பை போட்டுப் பிசைஞ்சா கிட்டத்தட்ட நம்ம ரொட்டி மாதிரி வரும். அம்மி இல்ல, கட்டச்சம்பலைக் கோப்பை அடியால நசுக்குறேன். பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா. தினம் காலையில கொல்லையில வச்சிருக்கிற போத்தல்ல மழையை அளந்து கொப்பியில எழுதுறாரு. நம்ம தோட்டத்துல மழை அளப்பாங்களே, அதே மாதிரி. எந்தக் கந்தோருக்கு அனுப்புறீங்கன்னு கேட்டேன். எவருக்கும் இல்லையாம். என்னைக் கண்டா வணக்கம் சொல்ல மாட்டாரு, மில்லிமீட்டர் சொல்லுவாரு.

இனி சேகர்.

மாத்திரை குடிச்சா தூங்கியே கிடக்கான், நிறுத்திரலாமான்னு சித்தப்பா கேட்கிறாராம். நிறுத்தக் கூடாது. நான் டாக்டரில்ல, அளவைக் கூட்டுறதும் குறைக்கிறதும் கிளினிக் டாக்டர் வேலை. ஆனா நான் தினம் பார்க்கிறதைச் சொல்றேன். முதல் சில நாள்ல தூக்கம் வரும், ஆள் அடங்குவாங்க. அதைப் பார்த்துட்டு நோய் போயிருச்சுன்னு வீட்டுக்காரங்க நினைப்பாங்க. இல்ல. காதுல கேட்கிற குரலும், பக்கத்து லயத்துக்காரங்க சதி பண்றாங்கங்கிற பயமும் குறைய வாரக்கணக்காகும். சரியான அளவுல 4 முதல் 6 வாரம் குடிச்ச பிறகுதான் அந்த மாத்திரை கேட்குதா இல்லையான்னே டாக்டர் முடிவு பண்ணுவாரு. முதல் தடவை வந்து நல்லா தேறினாலும் ஒரு வருசம், ரெண்டு வருசம் தொடர்ந்து குடிக்கச் சொல்லுவாங்க. எங்க வார்ட்டுக்குத் திரும்பத் திரும்ப வர்றவங்கள்ல நிறையப் பேர் "சுகமாயிருச்சே"ன்னு நிறுத்தினவங்கதான். க்ளோசபின்னு ஒரு மாத்திரை இருக்கு, 48 மணித்தியாலத்துக்கு மேல விட்டுட்டா பழைய அளவை அப்படியே குடிக்கக் கூடாது, 12.5 மில்லிகிராம்ல இருந்து மறுபடி ஏத்திக்கிட்டு வரணும். சேகருக்கு அது கொடுத்திருக்க மாட்டாங்க. விட்டு விட்டுக் குடிக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு காட்டத்தான் சொன்னேன்.

தூக்கம் ரொம்ப இருந்தா ராத்திரிக்கு மாத்தித் தர முடியுமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. மாத்திரையை அவன் கையில கொடுத்துட்டுச் சித்தி அடுப்புக்குப் போகக் கூடாது. ஒரு கோப்பை தண்ணி கொடுத்து, குடிச்ச பிறகு அஞ்சு நிமிசம் உட்கார்ந்து எதையாவது பேசணும். கன்னத்துல ஒதுக்கி வச்சிட்டுப் பிறகு துப்புறது எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான், அதுக்காக ஏசக் கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு அவனுக்குத் தேத்தண்ணி வேண்டாம். இங்க ராத்திரியில, தூக்கத்தைக் கெடுக்கிற காஃபினை எடுத்த தேயிலைதான் கொடுக்கிறோம், தூக்கம் கெட்டா மறுநாள் எல்லாம் கெடும்.

இதை முக்கியமா வாசிச்சுக் காட்டு தங்கச்சி. இந்த வகை மாத்திரையில சிலருக்குத் திடீர்னு கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கும், கண்ணு மேல சொருகும், நாக்கு தடிச்ச மாதிரிப் பேச்சு வராது. பார்த்தா சாமி வந்த மாதிரி, பேய் புடிச்ச மாதிரி இருக்கும். பெரியம்மா உடனே பூசாரியைக் கூப்பிடச் சொல்லும். அது மருந்தோட வேலை, மாத்து மருந்து இருக்கு, ஊசி போட்டா கொஞ்ச நேரத்துல விட்டுரும். த்ரீவீலரைக் கூப்பிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதைவிட அபூர்வமா, ஆனா அதைவிட மோசமா இன்னொன்னு வரும்: காய்ச்சல் கொதிக்கும், உடம்பு கட்டை மாதிரி விறைக்கும், ஆளுக்கு நிதானம் தப்பும். அப்ப விடியட்டும்னு இருக்கவே கூடாது. திருநீறு போடட்டும், கயிறு கட்டட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. மாத்திரைக்குப் பதிலா வேண்டாம்.

கயிறுன்னதும் மத்தக் கயிறும் ஞாபகம் வருது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி சித்தப்பா அவனைக் கட்டிலோட கட்டி வச்சதா எழுதியிருந்தீங்க. அவரைக் குறை சொல்லல, பயத்துல செஞ்சிருப்பாரு. இங்கயும் ஆளைப் புடிக்கிறது உண்டு, கடைசி வழியா. ஒருத்தர் தலைமாட்டுல இருந்து மூச்சை மட்டும் பார்த்துக்கிட்டு இருப்பாரு, குப்புறப் போட்டு அமுக்கக் கூடாது. 2010ல இந்த நாட்டுல 23 வயசுப் பையனை ஆஸ்பத்திரியில போலீஸ்காரங்க சேர்ந்து அமுக்கிப் புடிச்சுச் செத்துப் போனான். அவன் அப்பா அம்மா விடாம நின்னு 2018ல ஒரு சட்டமே வந்துச்சு, செனியின் சட்டம்னு அவன் பேரைச் சொல்லுவாங்க. இங்க ஒருத்தரை விருப்பமில்லாம வச்சிருந்தா முதல்ல 28 நாள், பிறகு தேவைன்னா 6 மாசம்னு கணக்கு. எதுக்கு வச்சிருக்கோம், எங்க முறையிடலாம்னு வாசிச்சுக் காட்டணும். விளங்கலைன்னா மறுநாளும் வாசிக்கணும். நம்ம நாட்டு மனநோய்ச் சட்டத்தோட அடிவேர் 1873. அப்ப நம்ம மலைநாட்டுல தேயிலை தொடங்கின புதுசு, பெரும்பாலும் காப்பிதான்.

அவன் கொந்தளிச்சா ஒரே ஆள் பேசணும், மத்தவங்க வெளிய போயிரணும். காம்பராவுல வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, அவனுக்கு வெளிய போக வழி தெரியணும். ரெண்டு கை நீளம் தள்ளி, கொஞ்சம் சரிஞ்சு நின்னு, தாழ்ந்த குரல்ல. "அப்படி ஒரு குரலும் இல்ல"ன்னு வாதாடாதீங்க, "ஆமா எனக்கும் கேட்குது"ன்னும் சொல்லாதீங்க. "உனக்குக் கேட்குது, எனக்குக் கேட்கல, பயமா இருக்கா"ன்னு கேளுங்க. அது போதும்.

இன்னொன்னு, சித்தப்பா மரக்கறிக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் கட்டிலுக்கடியிலதானே இருக்கு? இன்னைக்கே எடுத்து மாமா வீட்டுல வைக்கச் சொல்லுங்க. பூட்டி வைக்கிறதும் சரிவராது, அந்த வீட்டுலயே இருக்கக் கூடாது. 1995ல நம்ம நாட்டுல லட்சத்துக்கு 47 பேர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. கடும் நஞ்சுகளை ஒன்னொன்னாத் தடை பண்ணின பிறகு அது பாதிக்கும் கீழ இறங்குச்சு. கைக்கு எட்டலைன்னா அந்த நேரம் தாண்டிப் போயிரும். ராத்திரியில ஒன்னும் புரியலைன்னா 1926க்குப் போன் பண்ணலாம், மனநலத்துக்குன்னே இருக்கிற நம்பர்.

சரி, வீட்டு விஷயம். காசு 25ஆம் திகதி போடுறேன், இந்தத் தடவை கொஞ்சம் குறைவா இருக்கும், அடுத்த மாசம் சேர்த்துப் போடுறேன். ஏஜென்சிக்குக் கட்டின கடனைப் பத்தி அப்பா விசாரிக்க வேண்டாம், அது அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கு. அம்மா சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டி வையுங்க, ஏலத்துக்குப் போயிரக் கூடாது. சித்திரைக்குள்ள மீட்டுரலாம். அடுப்படித் தகரத்தை வைகாசி மழைக்கு முன்னாடி மாத்தணும். பழைய ஆணி ஓட்டையை அப்படியே விடாம தார் வச்சு அடைக்கச் சொல்லுங்க. மாமா மக கல்யாணத்துக்கு என் பேர்ல மொய் எழுதிருங்க, எவ்வளவுன்னு அப்பா முடிவு பண்ணட்டும். தங்கச்சி, டியூசன் காசைக் கேட்க வெட்கப்படாத.

சேகரோட மாத்திரைப் பேரை நீ எழுதினது வாசிக்கவே முடியல. பெட்டியில இருக்கிற மாதிரியே எழுத்தெழுத்தாப் பார்த்து எழுது, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனைன்னும் எழுது. கிளினிக் கொப்பியில அடுத்த திகதி என்னன்னு பார். சித்தப்பாவுக்கு அன்னைக்குப் பேர் போடாட்டியும் பரவாயில்லன்னு சொல்லு, அந்த நாள் சம்பளத்தை நான் அனுப்புறேன்.

இப்படிக்கு
உங்கள் மகள்
செல்வி