‘கேம்பர் அவுட்’ என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் பராமரிப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பில், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மென்ட்டோடு சேர்த்து கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம்) செய்துவிட வேண்டும் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அலைன்மென்ட் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் கேம்பரை ஆயில் மாற்றுவதுபோல வழக்கமாகச் ‘செய்ய’ ஒன்றுமில்லை. சேலத்தில் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறேன், ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் அடிக்கடி சவாரி போகிறவன், அதனால் எழுதுகிறேன்.

காருக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சரிகிறது, கூடவே அந்தப் பக்கத்துச் சக்கரமும் வெளியே சாய்ந்து, டயர் தன் வெளி ஓரத்தில் நிற்கப் பார்க்கிறது. முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் டயர் முழு அகலமும் ரோட்டில் படியும், பிடிப்பு கிடைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இது கையிலேயே தெரியும். அதற்காக அதிகம் வைத்தால் நேர் ரோட்டில் உள் ஓரம் மட்டும் தேயும், பிரேக் பிடிக்கும்போது டயர் முழுதாகப் படியாது. நம் சாதாரண கார்களுக்கு கம்பெனி வைப்பது பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து மைனஸ் 1 டிகிரி வரைதான். ஃபார்முலா ஒன்னில் மைனஸ் 3 டிகிரி அளவுகூடச் சாதாரணம், அங்கேயே 2011 பெல்ஜியம் பந்தயத்தில் டயர் கம்பெனியான பைரெல்லி சொன்ன 4 டிகிரியைத் தாண்டி வைத்த ரெட் புல் அணிக் கார்களின் முன் டயர்கள் உள் ஓரத்தில் கொப்பளித்துவிட்டன. (அந்த அணியின் வெட்டல் ஜெயித்துவிட்டார், அது வேறு கதை.)

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பல சிறிய கார்களில் கடையில் திருப்பி மாற்றக்கூடியது முன் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான், அதுவும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில். கேம்பருக்கென்று தனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. அப்படியும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு எண் சிவப்பாக வந்ததும் “கேம்பர் அவுட் சார்” என்று சொல்லி, ஹைட்ராலிக் ஜாக்கியை மாட்டி ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) அமுக்கி வளைக்கிறார்கள். என் வண்டிக்கும் ஒரு கடையில் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். வேறு மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்ததில் இடது சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து கிடந்தது. புஷ் மாற்றியதும் எண் தானாகப் பச்சைக்கு வந்தது. ஜாக்கி போட்டிருந்தாலும் பச்சை வந்திருக்கும், ஆனால் கிழிந்த புஷ் அப்படியே இருக்க, நல்ல ஸ்ட்ரட் கோணியிருக்கும், நாளடைவில் ஆயில் கசிந்திருக்கும்.

கேம்பர் மாறுகிறது என்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பள்ளத்தில் இறங்கி வளைந்த ஆர்ம், ஆட்டம் கொடுக்கும் பேரிங், லூசான பால் ஜாயின்ட், தளர்ந்த ஸ்பிரிங், இப்படி. எல்லாம் நன்றாக இருந்தும் சிறு வித்தியாசம் நின்றால், ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி, இருக்கிற இடைவெளியில் தள்ளி முறுக்கலாம், அல்லது அதற்கென்றே விற்கும் கேம்பர் போல்ட் போடலாம். கேம்பரைத் தொட்டால் டோவும் மாறும், அதனால் கடைசியில் டோ வைத்தே ஆக வேண்டும். இதையும் சிலர் விட்டுவிடுகிறார்கள்.

உள் ஓரம் மொட்டையானால் உடனே கேம்பர் மேல் பழி போடுவதும் வழக்கமாகிவிட்டது. டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகப் போகும்போது வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பம்போல நெருடியும் இருந்தால் அது டோ. இரண்டு பக்கமும் வழுவழுப்பாக, ஓரம் மட்டும் இறங்கியிருந்தால்தான் கேம்பரைச் சந்தேகப்பட வேண்டும். மலைக்கு ஓடும் வண்டியில் எல்லாம் சரியாக இருந்தாலும் முன் டயரின் வெளி ஓரம் கொஞ்சம் சீக்கிரம் போகும், அதற்கு டயரை இடம் மாற்றிப் போடுவதுதான் வழி.

அப்புறம், வண்டி இழுப்பது. கேம்பர் இரண்டு பக்கமும் வேறுவேறாக இருந்தால் பாசிட்டிவ் அதிகமுள்ள பக்கம் இழுக்கும், உண்மைதான். ஆனால் மழைத்தண்ணீர் வடிய ரோடே இடது பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், லேசான இடது இழுப்பு அதனாலும் வரும். முதலில் காற்றைப் பாருங்கள், சமமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம்.

பின் சக்கரத்துக்கும் ‘கேம்பர் கரெக்‌ஷன்’ என்று பில் போடுகிறார்கள். பின்னால் ஒரே பீமாக அச்சு வரும் கார்களில் கேம்பருக்குத் திருப்ப ஒரு போல்ட்கூடக் கிடையாது. எதைத் திருப்பினீர்கள் என்று கேட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு பிரிண்ட்டையும் வாங்கிக்கொண்டு காசு கொடுங்கள். அந்த 5,000 கிலோமீட்டர் வரியைத் திருத்தி அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டாக்சி ஓட்டும் வாசகர்,
சேலம்