மலையிறங்காத பரிந்துரைச் சீட்டுகள்: சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையில் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 26 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு இந்த மலையில் என்ன நடக்காமல் போகிறது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களின் பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிகின்றன. குழுவினர் அக்கறையோடு பார்ப்பதை அருகிருந்து கண்டிருக்கிறேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் வந்த பிறகு, காலை வழிபாட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை எங்கள் பள்ளியில் அரிதாகவே கண்டேன். அரசு ஒன்றும் செய்யவில்லை என்று குறை கூறுவது என் நோக்கமன்று.

என் வகுப்பில் படித்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பு; கடைசி வரிசை. சொல்வதை எழுதச் சொன்னால் என் வாயையே உற்றுப் பார்ப்பாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் எழுதுவதை நிறுத்திவிடுவாள். கவனக் குறைவு என்று எண்ணி இருமுறை கடிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பரிசோதனைக்கு வந்த மருத்துவர்தாம் அவளுடைய வலது காதில் பழைய சீழும் செவிப்பறையில் துளையும் இருப்பதைக் கண்டுபிடித்தார். சிறு பிள்ளைகளுக்குத் தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் சரிவின்றியும் இருப்பதால், மார்கழிக் குளிரில் பிடிக்கும் சளி எளிதாகக் காதுக்கு ஏறிவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் கேட்கும் திறனே குறைகிறது.

சேலத்துக்கு அழைத்துச் செல்லும்படி ஒரு பரிந்துரைச் சீட்டு தரப்பட்டது. ஐந்து மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது, அந்தச் சீட்டு நான்காய் மடிக்கப்பட்டு, ரேஷன் அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. "எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கிற நேரம் டீச்சர். ஒரு நாள் லீவு போட்டா கூலி போயிடும், சின்னவனப் பாக்கவும் ஆளில்ல" என்றார் அவள் தாயார். சிற்றூரிலிருந்து ஏற்காடு, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம், மருத்துவமனையில் வரிசை, இருட்டுவதற்குள் ஊர் திரும்பப் பேருந்து என்று கணக்கிட்டால், அவர் சொன்னதில் அலட்சியம் ஏதுமில்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அவள் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

அந்த ஓராண்டில் அவள் மனத்துக்கு நேர்ந்தது எந்தப் படிவத்திலும் பதிவாகவில்லை. உடன் படிக்கும் பிள்ளைகள் அவளைச் "செவிடு" என்று அழைத்தார்கள். முதலில் விளையாட்டில் சேராமல் ஒதுங்கினாள்; பிறகு காலை நேரத்தில் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கினாள்; அதன் பிறகு பள்ளிக்கு வருவதே குறைந்துபோனது. வயிற்றுவலிக்கு மாத்திரை கொடுத்தோம். "யாராவது உன்னை என்னவாவது சொல்கிறார்களா?" என்று கேட்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண் பெரியவர்களுக்குப் பயன்படலாம்; ஒன்பது வயதுப் பிள்ளை தானாகத் தொலைபேசியை எடுத்துத் தன் துயரத்தைச் சொல்லாது, அதிலும் சிக்னலுக்காக மேடேற வேண்டிய ஊர்களில். முகம் பார்த்துக் கேட்கும் ஒருவர் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்ட வேலை இல்லாத அந்த நாளில், ஏற்காடு அரசு மருத்துவமனைக்குக் காது, கண், குழந்தை நல மருத்துவர்களும், மாவட்ட மனநலத் திட்டத்தைச் சேர்ந்த ஓர் ஆலோசகரும் மலையேறி வர ஆணையிட வேண்டுகிறேன். நோயுற்ற பிள்ளையை மலையிறக்குவதைவிட மருத்துவரை மலையேற்றுவது எளிது. பள்ளிகளில் பரிந்துரை பெற்ற பிள்ளைகளின் பட்டியல் முன்கூட்டியே அங்கு இருந்தால், வராதவர் யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பரிசோதனைக் குழு பள்ளிக்கு வரும்போது வகுப்பாசிரியரிடம் ஐந்து நிமிடம் தனியே பேசுவதையும் நடைமுறையாக்க வேண்டும். திடீரென்று பேச்சைக் குறைத்த பிள்ளை, அடிக்கடி வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகும் பிள்ளை யார் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும்.

நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசிப் பிள்ளைகளை அழைத்துவர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் மூவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும் கார்த்திகையில் பழம் பறிப்பு மும்முரமாகும் முன்பே முதல் முகாம் நடந்தால், இந்தக் குளிர்காலத்துச் சளி காதுக்கு ஏறுவதற்குள் பல பிள்ளைகளைப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
ஏற்காடு