மூன்று வாரம் வேலை, பிறகு வண்டியைக் கிளப்பிவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்து திரும்பும் பெற்றோரைப் பற்றிச் சில வாரங்களாக உங்கள் வாசகர் பக்கத்தில் கடிதங்கள் வருகின்றன. அவர்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கார் ஓட்டத் தெரியாதவர் அந்த நாட்டில் பால் வாங்கக்கூட மருமகனை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்டுக்காரர்களே நம் வயதில் என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. அதில் ஒரு சிறு பகுதியைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் மகள் கிழக்கு டெக்சாசில், டைலர் நகருக்கு அருகே செவிலியராக இருக்கிறாள். போன குளிர்காலத்தில் நானும் என் மனைவியும் அவளோடு இருந்தோம். அவள் குடும்பம் போகும் ஆலயத்தை ஒட்டி, சபையே நடத்தும் சிறிய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. ஜனவரியில் அதன் பின்பக்க மைதானத்தில் மூன்று மோட்டார்ஹோம்கள் வந்து நின்றன. நம் அரசு பஸ் நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, கழிப்பறை எல்லாம். வண்டிக்கு ஒரு தம்பதி. எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். பள்ளிக்கு வேலை செய்ய வந்திருந்தார்கள். கூலி கிடையாது. எரிபொருளும் சாப்பாடும் அவர்கள் செலவு. லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது சின்னச் செலவல்ல. பள்ளி கொடுப்பது வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய், வேலைக்கு வேண்டிய பொருள்கள், அவ்வளவுதான்.

இது ஏதோ மூன்று குடும்பத்தின் தனி ஆர்வம் அல்ல. ஐக்கிய மெதடிஸ்ட் சபையில் நோமாட்ஸ் என்ற குழு 1988 முதல் இதைச் செய்கிறது. டைலருக்கு வடக்கே லிண்டேல் என்ற சிற்றூரிலிருந்து இதே வேலையைச் செய்யும் சோவர் என்ற ஊழியம் நடக்கிறது. ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதற்காக ஜார்ஜியா மாநிலத்தில் 1976-இல் தொடங்கிய ஹாபிடேட் அமைப்பும் இப்படி வண்டியில் வருகிறவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்து நடத்தி வந்திருக்கிறது. நோமாட்ஸ் வழக்கப்படி ஒரு வேலைக்குப் பெரும்பாலும் மூன்று வாரம். திங்கள் முதல் வியாழன் வரை. நாளுக்கு ஆறு மணி நேரம். நான் பார்த்தவர்களின் ஒழுங்கும் ஏறக்குறைய அதுவே. காலையில் ஒரு வேத வாசிப்பு, ஒரு ஜெபம், ஆளுக்கொரு காபி; பிறகு வேலைப் பட்டியல்.

நான் மின்வாரியத்தில் ஒயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். அதனால் என் கண் முதலில் போனது வண்டிகளுக்கு மின்சாரம் கொடுத்திருந்த கம்பத்துக்குத்தான். அங்கே சாதாரண பிளக்கில் 120 வோல்ட். 30 ஆம்பியர் இணைப்பில் 3,600 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. கூரையில் இருக்கும் ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடக்கூடும். 50 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வருவதால் 12,000 வாட் வரை தாங்கும். அந்தப் பள்ளி மூன்று வண்டிக்கும் 50 ஆம்பியரே போட்டிருந்தது. முந்தைய ஆண்டே உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து, பள்ளம் தோண்டி, கேபிள் புதைத்து, பிறகுதான் இவர்களை அழைத்தார்களாம். தொண்டர்களைக் கூப்பிடுவதற்கு முன்பு தாங்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மூவரில் ஒருவர் அயோவா மாநிலத்தில் தொலைபேசி லைன்மேனாக இருந்தவர். வயது எழுபத்து நான்கு. கம்பம் ஏறியவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. என் ஆங்கிலம் அதற்குப் போதும். வகுப்பறைகளில் பழைய டியூப் லைட்டுகளின் சோக்கைக் கழற்றி எறிந்துவிட்டு எல்.இ.டி. மாட்டுவது அவருடைய வேலை. முதலில் டி.பி. பாக்ஸில் அந்த அறையின் பிரேக்கரை இறக்கினார். அதற்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டெஸ்டரை முதலில் மின்சாரம் வரும் வேறொரு பிளக்கில் வைத்து அது சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தொட வேண்டிய ஒயரில். மறுபடியும் அந்தப் பிளக்கில். ஒவ்வொரு அறையிலும் இதே வரிசை. ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி, வாங்காமல் கம்பம் ஏறியவர்களை வெள்ளைத் துணி போர்த்திக் கீழே இறக்கியதைப் பார்த்தவன் நான். ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை துறுதுறுத்தது. ‘வந்திருப்பது சுற்றுலா விசாவில், ஞாபகம் இருக்கட்டும் அப்பா’ என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

பெண்கள் நூலகத்தில் இருந்தார்கள். முதுகு பிய்ந்த புத்தகங்களுக்குத் துணி நாடா ஒட்டி, செங்கற்களைத் துணியில் சுற்றி மேலே பாரம் வைத்திருந்தார்கள். மேடைத் திரைக்கு ஓரம் மடித்துத் தைக்கும் வேலையும் நடந்தது. என் மனைவி தையல் ஆசிரியையாக இருந்தவள். மடிப்பு அரை அங்குலம் அகலம் அதிகம் என்பது அவளுடைய தீர்ப்பு. அதை அவர்களிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னதற்காக நான் கர்த்தருக்கு நன்றி செலுத்தினேன்.

இவர்களைப் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. லைன்மேனே சிரித்துக்கொண்டு சொன்னார்: அயோவாவில் ஜனவரி மாதம் பனியை வாரிக் கொட்டுவதைவிட டெக்சாசில் விளக்கு மாட்டுவது சுகம், வெளியே வண்டி நிறுத்த மாத வாடகை கொடுக்க வேண்டும், இங்கே அதுவும் மிச்சம். குளிர்காலத்தில் தெற்கில் இருக்கும் ஆலயங்களுக்கு ஆள் கிடைப்பதும், வெயில் 38 டிகிரியைத் தொடும் ஆகஸ்டில் கிடைக்காமல் போவதும் இதனால்தான். தவிர, 65 வயதானவருக்கு அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேர் எந்த மாநிலத்திலும் செல்லும். வீட்டை விற்றுவிட்டவர்களுக்கு முகவரி வேண்டுமே என்று கேட்டேன். அதே டெக்சாசில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற சங்கம் இருக்கிறது. அங்கே கடிதங்களை வாங்கி, வண்டி நிற்கும் ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். ஓட்ட முடியாத அளவுக்குத் தளர்ந்துவிட்டால் அந்த ஊரிலேயே வண்டியை நிறுத்தி, வண்டியிலேயே வசித்துக்கொண்டு, பகலில் சாப்பாடும் பராமரிப்பும் பெறலாம். இத்தனை ஏற்பாடும் பின்னால் நிற்பதால்தான் அவர்களால் சுற்ற முடிகிறது. வெறும் மனத்துணிவால் ஆகிற காரியம் இல்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, பாதி பெயிண்ட் அடித்த சுவர் ஒன்று மிச்சம் இருந்தது. எத்தனை கோட் அடித்தாகியிருக்கிறது, டப்பாவில் எந்த எண் நிறம் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத் தூரிகைகளைக் கழுவி வைத்தார்கள். அடுத்து வருகிறவர்கள் முடிப்பார்களாம். வெள்ளிக்கிழமை காலை கையுறை மாட்டிக்கொண்டு கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, குழாய்களைச் சுருட்டினார்கள். பொன்னாடை இல்லை, வாழ்த்துரை இல்லை. பிள்ளைகள் வரைந்த அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். வண்டிகள் போய்விட்டன.

ஆசிரியர் அவர்களே, நம் ஊர் ஆலயங்களில் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் கொடுத்தவர் பெயர் ஏறுகிறது. நன்றாக வேலை செய்கிற ஓய்வுபெற்றவர் ஒருவர் முன்வந்தால் ‘இவர் எந்தக் கோஷ்டி, அடுத்த கமிட்டித் தேர்தலில் நிற்கப் போகிறாரா’ என்ற கேள்வி முதலில் வருகிறது. சந்தேகப்படுகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. பலமுறை அப்படித்தான் நடந்திருக்கிறது. மூன்று வாரத்தில் கிளம்பிவிடுகிற வெளியூர்க்காரரிடம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அமெரிக்கர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மோட்டார்ஹோமை அல்ல, இந்தக் கெடுவைத்தான்.

தென் மாவட்டங்களில் மின்வாரியம், ரயில்வே, போக்குவரத்துக் கழகம், பொதுப்பணித் துறை என்று கைத்தொழில் தெரிந்த ஓய்வூதியக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நானே நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் காலத்தில் தொடங்கிய தொழிற்பள்ளியில் டெஸ்டர் பிடிக்கக் கற்றவன். பழைய மிஷன் பள்ளிகள் பலவற்றில் போர்டிங் அறைகள் காலியாகக் கிடக்கின்றன. கொத்தனார், பெயிண்டர் கூலியில் மண் போடலாமா என்று மருமகன் கேட்டான், நியாயமான கேள்வி. பணம் இருக்கிற பள்ளி கூலி கொடுத்துத்தான் செய்ய வேண்டும். பணம் இல்லாததால் வருடக்கணக்கில் கிடப்பில் கிடக்கும் வேலையை மட்டும் எங்களிடம் விடட்டும். அரசு உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளில் அப்படிப்பட்டதற்குக் குறைவே இல்லை.

எனவே பள்ளித் தாளாளர்களுக்கு உங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோள். முதலில் வேலைப் பட்டியலை எழுதுங்கள். பொருளை வாங்கி வையுங்கள். தேதி குறித்து, முடிகிற தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மே மாத விடுமுறையில் நான் வரத் தயார். பஸ் டிக்கெட் என் செலவு. என் மனைவியும் வருவாள். அவள் போடும் நிபந்தனை ஒன்றுதான், குளியலறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் முன்கூட்டியே தெரிவிக்கவும், வரும்போது வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஃபோர்மேன்,
சாயர்புரம், தூத்துக்குடி மாவட்டம்.